கைப்பிடியைச் சுற்றாத முப்பத்தொன்று

பேசி முடித்தவர் ரிசீவரை வைத்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். டெலிபோன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கொடுத்த அட்டையில் இது கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அந்த இரண்டு சுற்றைச் சுற்ற ஒரு மனிதருக்கு மனம் வராததால் என் வேலை போகப் பார்த்தது. மூன்று வருடமாகிவிட்டது. இதை எழுதும்போது இன்னும் பேனாவைத் தாளில் அழுத்திவிடுகிறேன். நான் பயந்த சுபாவக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இந்த அழுத்தம் பயத்தால் வருவதில்லை.

எங்கள் எக்ஸ்சேஞ்ச், தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்து ஊர் ஒன்றில், தபால் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. எண்பது சொச்சம் இணைப்புகள். உப்பளக்காரர்கள், கருப்பட்டி மண்டி, ஐஸ் கம்பெனி, சங்கு வியாபாரிகள் இரண்டு பேர், பங்குச் சாமியார் பங்களா, மிஷன் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன். வெளியூருக்குப் பேச இரண்டே லைன், இரண்டும் தூத்துக்குடிக்கு. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அந்த அதிர்விலேயே போர்டில் ஒன்றிரண்டு மூடிகள் தாமாக விழுந்துவிடும்.

போர்டு என்பது ஆளுயர மரப் பலகை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துளை, துளைக்கு மேல் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பித்தளை மூடி. யாராவது தம் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவர் எண்ணின் மூடி டக்கென்று கவிழும். அவர் சுற்றுகிறவரை பஸ்ஸர் கிர்ரென்று இரையும். நான் கம்பி பொதிந்த கயிற்றின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகி, சாவி என்று நாங்கள் சொல்லும் சிறு நெம்புகோலைப் பின்னால் இழுத்து, "நம்பர்?" என்று கேட்பேன். கேட்ட எண்ணில் மறுமுனையைச் செருகி, சாவியை முன்னால் தள்ளி மணியடிப்பேன். அவர்கள் பேசத் தொடங்கியதும் சாவியை நடுவில் விட்டுவிட வேண்டும். அதன்பிறகு அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. எப்போது முடித்தார்கள் என்பதும் தெரியாது. அழைத்தவர் கைப்பிடியைச் சுற்றினால் அந்தக் கயிற்றுக்குரிய மூடி ஒன்று போர்டின் கீழ்வரிசையில் விழும். விழுந்தால் கயிற்றை உருவலாம்.

விழாவிட்டால், சிறிது நேரம் பார்த்துவிட்டு, சாவியைப் பின்னால் இழுத்து, பேச்சுச் சத்தம் இருக்கிறதா என்று கவனித்து, இல்லையென்றால் "முடிஞ்சுதா?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் உருவ வேண்டும். இது விதி. பேச்சுச் சத்தம் இருக்கிறதா என்று கவனித்து. காது கொடுக்காமல் எப்படிக் கவனிப்பது? இந்தக் கேள்வியை அந்த மாதத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்!

ஆளைப் பார்க்காமலே, சுற்றுகிற விதத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவோம். போலீஸ் ஸ்டேஷன் விடாமல் சுற்றும், ஏதோ கலவரம் போல. எடுத்தால் பெரும்பாலும் டீக்கடையில் சொல்லச் சொல்வார்கள். சாமியார் அரைச் சுற்றோடு நிறுத்தி, யோசித்து, பிறகு ஒன்று சுற்றுவார். முப்பத்தொன்றாம் எண், ஊரின் பெரிய உப்பு வியாபாரி. அங்கிருந்து எப்போதும் இரண்டே சுற்று, குட்டையாக, ஒரே அளவாக, முத்திரை குத்துவதுபோல வரும். அது முதலாளியின் கை இல்லை, அவருடைய கணக்கப்பிள்ளையின் கை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம். ஐந்து மாதப் பிள்ளையை எதிர்வீட்டு மதினியிடம் விட்டுவிட்டு வருவேன். அவர் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து போகிற தோணிகளில் வேலை செய்பவர். பாதி நாள் கடலில் இருப்பார். இரண்டரை மணிக்கு எனக்கு இடைவேளை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். போர்டில் உட்காரும்போது பேசுகிற குழாயைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அதன் தகடு சரியாக மார்பின்மேல் உட்காரும். ஒரு மணிக்கு மேல் அது எப்படி அழுத்தும் என்பதைப் பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதை வடிவமைத்தவன் பிள்ளை பெற்றவன் இல்லை.

அன்று புதன்கிழமை. காலையிலேயே வெளியூர் ட்ரங்க் லைன் ஒன்று செத்துவிட்டது. உப்புக் காற்றில் கம்பி அரித்துப்போவது அங்கே மாதம் ஒருமுறை நடக்கிற காரியம். இருந்த ஒரே லைனில் முப்பத்தொன்று தூத்துக்குடியோடு பேசிக்கொண்டிருந்தார். ஒன்றே முக்கால் மணி இருக்கும், ஆஸ்பத்திரியின் மூடி விழுந்தது. டாக்டரம்மாவே பேசினார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு லைன் வேணும்மா. ஒரு பிள்ளைத்தாச்சியை அனுப்பணும். வண்டி அங்கேயிருந்துதான் வரணும்."

"ஒரு லைன்தான் இருக்கு டாக்டர். பேசிட்டிருக்காங்க."

"சீக்கிரம் பாரும்மா."

முப்பத்தொன்றின் கயிற்றைப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது. மூடி விழவில்லை. ஆனால் அவர் மூடி பல நாள் விழுவதே இல்லை. முந்தின நாளும் விழவில்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை; நானேதான் லைனுக்குள் போய்க் கேட்டு உருவினேன். இன்றும் பேசி முடித்து வெறுமனே வைத்திருப்பார் என்று நினைத்தேன். சாவியை இழுத்தேன். சத்தமே இல்லை. மூன்று, நான்கு விநாடி. "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். கேட்ட வாய் மூடவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், "அந்த நாலு தோணியும் வெள்ளிக்கிழமைக்குள்ள நமக்குன்னு..." என்றது. எதையோ தேடிப் பார்க்கப் போயிருந்தவர் திரும்பி வந்திருக்கிறார்.

"யாருளா அது லைன்ல?" என்றார் முப்பத்தொன்று.

"மன்னிக்கணும் சார், ஆஸ்பத்திரிக்கு அவசரமா..."

"ஆஸ்பத்திரியாவது கீஸ்பத்திரியாவது! வைளா சாவிய!"

விட்டுவிட்டேன். அவர் இன்னும் பத்து நிமிடமாவது பேசியிருப்பார். அதற்குப் பிறகும் கைப்பிடியைச் சுற்றவில்லை. மறுபடி நானேதான் உள்ளே போய், யாருமில்லை என்று தெரிந்துகொண்டு உருவினேன். டாக்டரம்மாவுக்கு லைன் கிடைத்தது. அந்தப் பெண்ணும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. இதை அப்போது யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை, உப்பு ஏற்ற அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நான்கு தோணிகளில் இரண்டு வேறொரு வியாபாரிக்குப் போய்விட்டன. சனிக்கிழமை எழுத்துமூலம் புகார் வந்தது. திங்கட்கிழமை எனக்கு மெமோ. சந்தாதாரரின் உரையாடலை ஒட்டுக்கேட்டு வெளியே சொன்னதாகப் புகார். ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்.

எங்கள் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தவர், குரலை உயர்த்தாதவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவரே என் சார்பில் ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"வாசிச்சுப் பாரும்மா. ஒண்ணும் மோசமா எழுதல."

'கவனக்குறைவால் சந்தாதாரரின் உரையாடலைக் கேட்க நேர்ந்தமைக்கு வருந்துகிறேன்' என்று இருந்தது.

"நான் வெளியே யார்கிட்டயும் சொல்லலை சார்."

"சொன்னேன்னு எழுதலையே. கேட்டேன்னுதான எழுதியிருக்கு."

"கேக்குறது வேலை சார். விதியிலயே இருக்கு."

"அதத்தான் நானும் எழுதியிருக்கேன்."

"அப்போ 'கவனக்குறைவால்'னு எதுக்கு சார்?"

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினார். "அவரு பெரிய மனுசர். மேல வரைக்கும் ஆள் தெரியும். நீ இன்னும் நிரந்தரமாகல. கைப்பிள்ளைக்காரி. ஒரு கண்டிப்போட போயிரும். யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். நான் யோசிப்பதற்கென்றே பிறந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பிப் பார்க்கிறவள். கையெழுத்துப் போட்டால் வேலை தங்கும். ஆனால் என் பெயருக்கு எதிரே ஒட்டுக்கேட்டவள் என்று என் கையாலேயே எழுதியதாகிவிடும். நாளைக்கு யார் வீட்டுக் கதை வெளியே வந்தாலும், அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். போடாவிட்டால் வேலை போகலாம். ஒரு மாதமாவது தூங்கலாம் என்று போட்டுவிடத்தான் முதலில் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் குடுத்துட்டியா?"

"இல்ல."

"என்னத்துக்குளா இழுத்தடிக்க? ஒரு வரி. பள்ளிக்கூடத்துலயே கேக்காங்க, உங்க வீட்டுல லைன்ல என்னெல்லாம் கேக்கும் சார்னு. சிரிக்கானுவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டார்.

"சிரிச்சீங்களா?"

"பொறவு என்ன செய்யச் சொல்லுத? சண்டை போடவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை அழுதது, எடுத்துக்கொண்டேன்.

இதைவிட ஒன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம், பிள்ளையை வாங்கும்போது நான் மதினியிடம், "அண்ணன் எப்ப கடலுக்குப் போறாவ? வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்தது? அவர் வீட்டுக்காரர் தோணிக்காரர். நான் கேட்டது அவர் காதுக்குப் போய், அவர் ஹார்பரில் சொல்லி, அப்படித்தான் அந்த இரண்டு தோணியும் கைமாறிப்போனதா? யார் என்னைக் குற்றம் சொன்னாலும், பத்து நிமிடத்தில் அவர்களுக்காக நானே சாட்சி தேடித் தந்துவிடுவேன். என் புத்தி அப்படி.

மெமோ வந்த மூன்றாம் நாள் மதினியிடமே கேட்டுவிட்டேன். மடியில் பிள்ளை. அவர் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"அட கூறுகெட்டவளே! நீ வாரா வாரம் கேக்குறதுதானளா அது? வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையான்னு. அவரு கரையில இருக்குற நாள்ல பிள்ளைய இங்கன விடணுமா வேற எங்கனயும் விடணுமான்னு ஒனக்குத் தெரியணும்ல?"

"நெசமாவா மதினி?"

"மாதா சத்தியமா. பொறவு இன்னொண்ணு கேளு. அந்த நாலு தோணிச் சேதி ஒரு வாரமா ஹார்பர்ல நாய்க்குக்கூடத் தெரியும். அவரு ஆளே வந்து தோணி நிக்குற பாலத்துல நின்னு தொண்டை கிழியக் கத்திப் பேரம் பேசிருக்கான். எங்க வீட்டுக்காரரு சொன்னாவ. அவரு பேரம் படியல, இன்னொருத்தன் கூடக் குடுத்தான், போயிட்டு. இதுக்கு ஒன்னையப் போட்டு உருட்டுதானா அந்த ஆளு?"

எனக்கு முகம் சுட்டது. ஊருக்கே தெரிந்த ரகசியத்துக்கு நான் திருடி. பிள்ளை மார்பை முட்டியது. முந்தானையை இழுத்தேன். மதினி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துத் தடுத்தார்.

"இரு. கோவத்துல பால் குடுக்காதளா. பிள்ளைக்கு ஆகாது. ரெண்டு மடக்குத் தண்ணி குடி, மூஞ்சியக் கழுவு, கோவம் எறங்கட்டும். பொறவு குடு."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என் அம்மாவும் அதையே சொல்லியிருப்பார். முகம் கழுவினேன், தண்ணீர் குடித்தேன், பிள்ளை வீரிட்டு அழ அழச் சுவரைப் பார்த்துக்கொண்டு கோபம் இறங்கக் காத்திருந்தேன். அரை மணி நேர இடைவேளையில் பத்து நிமிடம் கோபம் இறங்குவதற்குப் போயிற்று. முப்பத்தொன்றாம் எண்காரருக்கு யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களா? கோபத்தோடு சாப்பிடாதீர்கள், கோபத்தோடு போன் பேசாதீர்கள் என்று?

என்னோடு போர்டில் உட்கார்ந்த மூத்த ஆப்பரேட்டரை அக்கா என்போம். வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் காலை முப்பத்தொன்று பேசி முடித்துக் கீழ்வரிசை மூடி விழுந்ததும், கயிற்றை உருவிக்கொண்டே சொன்னார்: "உன் ஆளு இந்நேரம் நல்ல பிள்ளையாத்தான் இருக்காரு. ரெண்டு சுத்து, டக் டக். மத்தியானம்தான் பேய் பிடிக்கும்."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ட்ரங்க் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதுவோம். சந்தாதாரர் சுற்றாமல் நாங்களே போய் உருவ நேர்ந்தால் சீட்டின் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவது எங்கள் எக்ஸ்சேஞ்சின் பழக்கம். விதியில் கிடையாது, நாளைக்குத் தகராறு வந்தால் நினைவு வரட்டும் என்று போடுவது. இரண்டு மாதச் சீட்டுக் கட்டுகளை இறக்கி முப்பத்தொன்றை மட்டும் பிரித்தோம். காலைச் சீட்டுகளில் குறியே இல்லை. சாயங்காலச் சீட்டுகளிலும் இல்லை. குறி இருந்ததெல்லாம் ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில்.

"ஒரு மணிக்கு அங்க என்ன?" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஊருக்கே தெரியுமே. கணக்கப்பிள்ளை சைக்கிள எடுத்துக்கிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போற நேரம்."

இரண்டு பேரும் சீட்டுகளை மறுபடி ஒருமுறை புரட்டினோம். பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி பேசுவார்; சுற்றுவது கணக்கப்பிள்ளை. எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதும் கூட அவர்தான். கைப்பிடி சுற்றுவது ஆள்காரன் வேலை. அந்த ஆள் சாப்பிடப் போகும்முன் சுற்றி ட்ரங்க் காலைப் பதிந்துவிட்டுப் போவார்; லைன் கிடைத்து நாங்கள் மணியடித்தால் முதலாளி எடுப்பார். முடித்தபின் சுற்றுவது தமக்கு உதவாத வேலை. அவருக்கு ஆகவேண்டியது ஆகிவிட்டது. லைனை விடுவிப்பது அடுத்தவனுக்காக.

சூப்பர்வைசர் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நானே விளக்கம் எழுதினேன். நான்கு முறை கிழித்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் 'தாழ்மையுடன்' என்ற வார்த்தை தானாக வந்து விழுந்தது. ஐந்தாவது தாளில் அது இல்லை. நான் உள்ளே போனது விதிப்படி, போக நேர்ந்தது சந்தாதாரர் சுற்றாததால், சீட்டுகள் இணைப்பு, ஆஸ்பத்திரி அழைப்பு இன்ன நேரம். வருந்துகிறேன் என்று எழுதவில்லை. அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தபால் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்று மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

விசாரிக்கத் தூத்துக்குடியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லோரும் முப்பத்தொன்றின் அலுவலகத்துக்கே போனோம். உப்பு மூட்டைகளுக்கு நடுவே மேசை, மேசைமேல் டெலிபோன், ஓரத்தில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்புக்குப் பதில் நூல். முதலாளி எங்களுக்குக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். எனக்கு மட்டும் உட்கார நாற்காலி இல்லை.

"கேட்டுதா இல்லையான்னு அவளையே கேளுங்க சார்," என்றார் முதலாளி. "நாலு தோணின்னு காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்தது," என்றேன்.

"பாத்தீங்களா!"

"நீங்க சுத்தியிருந்தா நான் உள்ளேயே வந்திருக்க மாட்டேன் சார். நீங்க மத்தியானத்துல என்னைக்குமே சுத்துறது இல்ல. சீட்டு இருக்கு."

"நானா சுத்துறது இல்ல? இருவது வருசமா போன் வச்சிருக்கேன். எனக்கு இவ பாடம் சொல்லுதா!"

அதிகாரி கலரை ஒரு வாய் குடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "சரி, ஒண்ணுமில்ல. எக்ஸ்சேஞ்சக் கூப்பிட்டு, பேசிட்டு, முடிச்சுக் காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்."

முதலாளி டெலிபோனின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பழக்கம் அவரை முந்திக்கொண்டது. தலையை மட்டும் திருப்பி, "ஏலே, கணக்கப்பிள்ளே! போனப் போடு!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளை வந்து, இரண்டு சுற்று, முத்திரை குத்துவதுபோலச் சுற்றி, ரிசீவரை முதலாளியின் கையில் கொடுத்தார். முதலாளிக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்துவிட்டது.

எனக்கு அன்று நியாயம் கிடைத்தது என்று நினைத்தேன். கிடைத்தது இதுதான்: 'ஆப்பரேட்டர் இனிமேல் மிகுந்த எச்சரிக்கையுடன் நடந்துகொள்ள அறிவுறுத்தப்படுகிறார்' என்று எழுதி மெமோவை மூடினார்கள். வேலை தப்பியது. முதலாளியைச் சமாதானப்படுத்த சூப்பர்வைசர் தம் கைப்பட ஓர் உத்தரவு எழுதிப் போர்டின் பக்கத்தில் ஒட்டினார். முப்பத்தொன்றாம் எண்ணின் லைனில், மூடி விழும்வரை எந்த ஆப்பரேட்டரும் எக்காரணம் கொண்டும் உள்ளே போகக் கூடாது. மூடி விழுந்த பின்னரே கயிற்றை எடுக்க வேண்டும். கையெழுத்து, தேதி.

மறுநாளிலிருந்து மத்தியானமும் மூடி ஒழுங்காக விழுந்தது. டக், டக், ஒரே அளவாக. ஒரு வாரம் நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு ஒருநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், கணக்கப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். கைப்பிடியில் தூக்குப்போணி தொங்கியது.

"என்ன அண்ணாச்சி, சாப்பாடு கையோடயா?"

"என்ன செய்ய தாயி. மத்தியானம் எடத்த விட்டு அசையக் கூடாதுன்னு உத்தரவு. போன் பக்கத்துலயே உக்காந்து தின்னுக்கோன்னுட்டாவ. நீங்க ஜெயிச்சிட்டிய. எனக்குத்தான் சோறு ஆறிப்போவுது." சிரித்தார். குத்திக் காட்டினாரா, வெறும் பேச்சா, எனக்குத் தெரியவில்லை. "முன்னாடி வீட்டுக்குப் போயி தின்னுட்டு, செத்த நேரம் காலை நீட்டிட்டு வருவேன். இருவது வருசம். இப்ப அந்தக் கைப்பிடியப் பாத்துக்கிட்டே திங்கேன்."

இரண்டரை மணிக்கு என் பிள்ளையிடம் ஓடுகிறவள் நான். இரண்டு சுற்றுச் சுற்ற மனமில்லாத ஒருவர் அதற்கு விலையாக இன்னொருவரின் ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு வழி காட்டியது நான் பிரித்து அடுக்கிய சீட்டுகள். முதலில் என்மேல்தான் கோபம் வந்தது, வழக்கம்போல. எக்ஸ்சேஞ்ச் வாசலை அடைவதற்குள் அது போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் அவர் கடையைப் பூட்டிவிட்டு வரும் நேரம் பார்த்து நின்றேன்.

"நாளைக்கு நீங்க வீட்டுக்குச் சாப்பிடப் போங்க அண்ணாச்சி."

"வேலைய விட்டுத் தூக்கிருவாவ தாயி."

"அவருக்குப் போன் வேணும்னா அவரே சுத்தட்டும். நான் உள்ள வர மாட்டேன். எனக்கும் உத்தரவு இருக்கு."

அவர் கண்ணாடி நூலைக் காதில் சரிசெய்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் செய்தது சரியா என்று வீடு வந்து சேரும்வரை எனக்குள் வழக்கு நடந்தது.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. டக், டக். நான்காம் நாள் ஒரு மணி பத்துக்கு முப்பத்தொன்று ஐஸ் கம்பெனியைக் கேட்டார். சுற்றியது அண்ணாச்சி, கேட்டது முதலாளி. கொடுத்தேன். உள்ளூர் அழைப்பு, ட்ரங்க் லைனாக இருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன், ஆஸ்பத்திரி என் கண்முன் நின்றிருக்கும். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம். கீழ்வரிசை மூடி விழவில்லை. ரிசீவரைக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டார் என்று புரிந்தது.

ஒன்றரைக்குத் தூத்துக்குடி ஆப்பரேட்டர் மணியடித்தார். "முப்பத்தொண்ணு குடும்மா."

"எங்கேஜ்டு."

துளையில் கயிறு செருகியிருந்தால் எங்கேஜ்டு. அது பொய்யில்லை. பொய்யில்லை என்று நானே எனக்கு இரண்டு முறை சொல்லிக்கொண்டேன். ஒன்றே முக்காலுக்கு மறுபடி அடித்தார்கள். எங்கேஜ்டு. இரண்டு மணிக்கு அடித்தார்கள். எங்கேஜ்டு.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். "என்னம்மா, முப்பத்தொண்ணு இவ்வளவு நேரமா பேசுது? உள்ள போய்ப் பாரு."

நான் திரும்பாமல், ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். "எழுதிக் குடுங்க சார். போறேன்."

அவர் தம் கையெழுத்தையே வாசித்தார். பேனா மூடியைத் திருகினார். போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

இரண்டேகால். தகட்டின் அடியில் ரவிக்கை நனைய ஆரம்பித்தது. ஐஸ் கம்பெனிக்காரரும் பேச வேண்டுமே, அவரும் மாட்டிக்கொண்டாரே என்று ஒரு குத்தல் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி சுற்ற வேண்டியது அழைத்தவர்தான். இரண்டு இருபதுக்கு ஜன்னல் வழியே, கருப்பட்டி மண்டி ஆள் ஒருவன் உப்புக் கடைப் பக்கமாக வேகமாக நடந்து போவது தெரிந்தது. முதலாளியைப் பிடிக்க முடியாமல் தூத்துக்குடிக்காரர்கள் மண்டிக்குப் பேசிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த இணைப்பைப் போட்டதும் நான்தான்.

பிறகு பஸ்ஸர் இரைந்தது. கிர்... நின்றது. கிர்ர்ர்ர்ர் என்று நீளமாக, இடறி, மறுபடி நின்று, மறுபடி சுற்றியது. கை பழகாத சுற்று. குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுவதுபோல. போர்டு இருந்த இத்தனை காலத்தில் அந்தக் கையை நாங்கள் கேட்டதே இல்லை. கீழ்வரிசையில் மூடி டக்கென்று விழுந்தது.

அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். விதிப்படி, மூடி விழுந்த பின்னும் ஒருமுறை கேட்டுவிட்டு உருவலாம். நான் சாவியைப் பின்னால் இழுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஆம், கேட்டேன்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

ரிசீவரைக் கைமாற்றும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது," என்றார்.

கயிற்றை உருவினேன். தகட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மதினி வாசலில் பிள்ளையோடு நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே, "ஏளா, மூஞ்சியக் கழுவிட்டு..." என்று தொடங்கினார். நான் பிள்ளையை வாங்கி, அப்படியே படியில் உட்கார்ந்து, அவ்வளவு கோபத்தோடும் பால் கொடுத்தேன். பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிப்போயிற்று. ஒன்றும் ஆகவில்லை.